தாமே: பாளையங்கோட்டையில் ஒரு கியூபன் சல்சா வளையம்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணி. பாளையங்கோட்டையில் ஒரு டியூஷன் சென்டரின் மாடி. பெஞ்சுகளைச் சுவரோரமாக இழுத்துப் போட்டு, தரையைக் கூட்டி, ஈரத்துணியால் துடைத்து, அது காயும்வரை ஆளுக்கொரு டீ. அப்புறம் யாராவது ஒருவர் தன் போனை ஸ்பீக்கரோடு இணைப்பார். யார் இணைக்கிறாரோ அந்தப் பாட்டு அவருடையது. அடுத்து என்ன ஆட வேண்டும் என்று குரல் கொடுப்பதும் அவர்தான்.

நாங்கள் பதினாலு பதினைந்து பேர் இருப்போம். நான் வங்கியில் வேலை பார்க்கிறேன். ஒரு நர்ஸ், கல்லூரி மாணவிகள் சிலர், பாத்திரக் கடை வைத்திருக்கும் ஓர் அண்ணாச்சி, அவர் மனைவி (எங்கள் எல்லாருக்கும் மைனி), ரெண்டு ஆசிரியர்கள், வேலை தேடிக்கொண்டிருக்கும் பையன்கள். சொல்லிக்கொடுப்பவருக்குச் சம்பளம் கிடையாது. கற்றுக்கொள்பவருக்குக் கட்டணம் கிடையாது. இடத்துக்கும் டீக்கும் மட்டும் ஆளுக்குக் கொஞ்சம் போடுகிறோம்.

இந்த வளையம், அதாவது வட்டமாக நின்று சல்சா ஆடும் எங்கள் குழு, ரெண்டு முறை கலையப் பார்த்தது. ஏன் அப்படி ஆயிற்று, எது அதைத் தூக்கி நிறுத்தியது, எதைச் செய்தும் பயனில்லாமல் போனது என்பதை எழுதி வைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைப்பு. தங்கள் ஊரில் இப்படி ஒன்று ஆரம்பிக்கலாமா என்று தூத்துக்குடியிலும் நாகர்கோவிலிலும் சிலர் கேட்டிருக்கிறார்கள். அவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

எப்படி ஆரம்பித்தது

ஊரடங்கில் பெங்களூரிலிருந்து லேப்டாப்போடு வீடு வந்து சேர்ந்த பக்கத்துத் தெருத் தம்பி ஒருவன்தான் தொடக்கம். பெங்களூரில் சில வருஷம் ஆடிப் பழகியிருந்தான். கட்டுப்பாடுகள் தளர்ந்ததும் அவன் வீட்டுத் தட்டட்டியில், அதாவது மொட்டை மாடியில், அவன், அவன் தங்கை, தங்கையின் தோழிகள் ரெண்டு பேர், நான் என்று ஐந்து பேராகத் தொடங்கினோம். "எக்கா, நீங்க கும்மி அடிச்சிருக்கீங்கல்லா? அது போதும்" என்றான். பள்ளிக்கூட ஆண்டு விழாவில் அடித்த கும்மிதான். ஆனாலும் அது போதுமானதாகத்தான் இருந்தது.

அவன் சல்சா என்ற சொல்லை அதிகம் சொல்ல மாட்டான். அந்தப் பெயரை உலகமெங்கும் கொண்டுபோனது நியூயார்க். 1964-இல் அங்கே தொடங்கிய ஃபானியா இசைத்தட்டு நிறுவனத்துக்கு அதில் பெரிய பங்கு உண்டு. கியூபாவில் இந்த ஆட்டத்துக்குக் காசினோ என்று பெயர். 1950-களின் கடைசியில் ஹவானாவில் காசினோ தெபோர்த்தீவோ என்ற கிளப்பில் ஜோடிகள் வட்டமாக நின்று, ஒருவர் குரல் கொடுக்க எல்லாரும் ஒரே நேரத்தில் ஒரே அசைவை ஆடினார்கள். அந்த வட்டத்துக்கு ருவேதா தெ காசினோ என்று பெயர் வந்தது. ருவேதா என்றால் சக்கரம். நியூயார்க், லாஸ் ஏஞ்சல்ஸ் பாணிகளில் ஜோடி ஒரு கோட்டின் மேல் போய் வரும். காசினோவில் இருவரும் ஒருவரையொருவர் சுற்றி வருவார்கள்.

கால் வேலை எளிது. எட்டு எண்ணிக்கை. 1, 2, 3-க்கு மூன்று அடி, 4-இல் ஓய்வு. 5, 6, 7-க்கு மூன்று அடி, 8-இல் ஓய்வு. ஆனி, ஆடியில் குற்றாலத்தில் சாரல் விழும் நாட்களில் எங்கள் பக்கம் காற்றுதான் பலமாக வந்து சேரும். தட்டட்டியில் ஸ்பீக்கர் சத்தத்தை அது அடித்துக்கொண்டு போய்விடும். பாட்டே கேட்காமல் நாங்கள் வாயால் எண்ணி ஆடினோம். இன்றைக்கும் அந்த ஐந்து பேருக்கும் எண்ணிக்கை தவறாது. அந்தக் காற்றுக்கு நான் நன்றி சொல்வேன்.

ஒரு விஷயம் எல்லாருக்கும் தடுமாறியது. ருவேதாவில் ஜோடியை நடத்துபவர் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் அடுத்த ஆளிடம் போக வேண்டும். சின்ன வயசிலிருந்து நெல்லையப்பர் கோயில் பிரகாரத்தை வலம் வந்த கால்கள் தன்னால் மறுபக்கம் திரும்பும். புதிதாக வருபவர்களுக்கு இப்போதும் முதல் நாளில் இதைத்தான் சொல்கிறோம்: "கோயில்ல சுத்துறதுக்கு எதிர்ப்பக்கம்."

ஏன் ஜோடியாக இல்லாமல் வளையமாக

இதுதான் இந்தக் கட்டுரையில் முக்கியமான இடம் என்று நினைக்கிறேன். எங்கள் ஊரில் ஓர் ஆணும் பெண்ணும் ஒரு பாட்டு முழுக்கக் கைகோத்து ஆடுவது சுலபமில்லை. ஆடுபவருக்கே கூச்சம். பார்ப்பவர் அதைவிட. இது பிற்போக்கு, அது முற்போக்கு என்று பேசி யாருடைய கூச்சத்தையும் நாங்கள் போக்கவில்லை. வளையம் போக்கியது.

குரல் கொடுப்பவர் 'தாமே' என்பார். உடனே நடத்துபவர்கள் எல்லாரும் அடுத்தவரிடம் போய்விட வேண்டும். ஸ்பானிய மொழியில் அதற்கு 'எனக்குத் தா' என்று பொருள். நம் 'தா' அதற்குள் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. முழுச் சொல்லாகக் கேட்டால் தமிழில் 'தங்களாகவே' என்றும் ஆகிறது. ரெண்டு அர்த்தமும் எங்களுக்குப் பொருந்தியதால் எங்கள் வாட்ஸ்அப் குழுவுக்கே அதைப் பெயராக வைத்தோம். ஒருவர் கை உங்கள் கையில் இருப்பது எட்டோ பதினாறோ எண்ணிக்கைதான். அதற்குள் அவர் யார், ஆணா பெண்ணா, நன்றாக ஆடுகிறாரா என்று யோசிக்க நேரமில்லை. பாட்டு முடிவதற்குள் வளையத்தில் எல்லாரும் எல்லாரோடும் ஆடியிருப்பார்கள். யாரும் யாருக்கும் ஜோடி இல்லை.

பெண்கள்தான் எப்போதும் அதிகம். அதனால் நடத்துபவர் ஆணாகத்தான் இருக்க வேண்டும் என்பதை முதல் மாசமே விட்டுவிட்டோம். நடத்துபவர் மணிக்கட்டில் ஓர் அடையாளம் கட்டலாம் என்று வந்தபோது, கிடைத்தது மஞ்சள் நூல். மைனி அதைப் பார்த்ததும், "மஞ்சக் கயிறெல்லாம் வேண்டாம்மா, அதுக்கு அர்த்தம் வேற" என்று தன் தையல் பெட்டியிலிருந்து பச்சை ரிப்பன் எடுத்துக் கொடுத்தார். இன்றுவரை பச்சைதான்.

காசினோவில் முதலில் கற்கும் அசைவுகளில் ஒன்று 'தீலே கே நோ'. 'இல்லையென்று சொல்' என்று பொருள். எதிரில் வருபவரைக் கடந்து மறுபக்கம் அனுப்பிவிடுவதுதான் அசைவு. அந்தப் பெயரையே நாங்கள் விதியாக எடுத்துக்கொண்டோம். ஆட விருப்பமில்லை என்றால் 'இல்லை' என்று சொன்னால் போதும், காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஆடிக்கொண்டிருக்கும்போது கேட்காமல் யாரும் யாரையும் திருத்தக் கூடாது. வீடியோ எடுக்கக் கூடாது. மூன்றாவது விதி அடிபட்ட பிறகு வந்தது. யாரோ எடுத்த பத்து வினாடித் துண்டு ஒன்று தெருவெல்லாம் சுற்றி, ஒரு மாணவியின் வீடு வரை போனது.

கோலாட்டக் கழி

அந்த மாணவியின் அப்பா அடுத்த ஞாயிறு வந்துவிட்டார். கோபமாகத்தான் வந்தார். நாற்காலி போட்டோம். உட்கார்ந்தார். ஒன்றும் பேசவில்லை. போகும்போது, "அடுத்த வாரமும் வருவேன்" என்றார். வந்தார். மூன்றாவது வாரம் பாட்டு நின்றதும் மகளைக் கூப்பிட்டுக் கேட்டார்: "ஏ பிள்ளை, இது நம்ம களியல் மாதிரில்லா இருக்கு? நடுவுல ஆசான் பாடுவாரு, சுத்தி நின்னு ஆடுவோம். அதே கணக்குதான்."

அவருக்கு வள்ளியூர்ப் பக்கம் ஊர். களியல் அந்தப் பக்கத்திலும் குமரி மாவட்டத்திலும் ஆடும் வட்ட ஆட்டம். கையில் கழி, நடுவில் பாடுபவர், அவர் குரலுக்கு ஏற்ப ஆட்டம் மாறும். சின்ன வயசில் அவரே ஆடியிருக்கிறார்.

அப்புறம் அவர் கேட்ட கேள்விதான் எங்களுக்கு இசையைத் திறந்துவிட்டது. "அந்தக் கட்டைச் சத்தம் ஒண்ணு விட்டு விட்டு வருதே, அது என்னது?" அதுதான் கிளாவே. ரெண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டும் ஐந்து அடி. மொத்த இசையும் அதன்மேல்தான் நிற்கிறது. தம்பி எத்தனையோ முறை அதைச் சொல்லியிருக்கிறான், எங்கள் காதில் விழுந்ததில்லை. இவர் மறுவாரம் வீட்டிலிருந்து ரெண்டு கோலாட்டக் கழி கொண்டுவந்து, கண்ணை மூடிக்கொண்டு பாட்டைக் கேட்டு, தட்டத் தொடங்கினார். மிருதங்கம் படிக்கும் மாணவி ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்து அதைச் சொற்கட்டாக்கினாள்:

தகிட தகிட தகதிமி தக தகதிமி.

3, 3, 4, 2, 4. கூட்டினால் 16. ஆதி தாளத்தின் எட்டையும் பாதி பாதியாக்கினால் அதே பதினாறு. ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்திலும் கட்டை விழும். நாங்கள் எல்லாரும் தொடையில் தட்டிப் பார்த்தோம். அப்போதுதான் இன்னொன்று புரிந்தது: கால் ஓய்வெடுக்கும் 4-இல் ஓர் அடி விழுகிறது. கால் சும்மா இருக்கும் இடத்தைக் கட்டை நிரப்புகிறது. அதுவரை 4-ஐயும் 8-ஐயும் அவசரப்பட்டுத் தாண்டிக்கொண்டிருந்த நாங்கள் அன்றுதான் நிற்கக் கற்றோம். வருஷக்கணக்கில் கற்றாலும் இவ்வளவு தெளிவாக வராது என்று நம்புகிறேன். சொற்கட்டு நம் காதில் ஏற்கெனவே இருக்கிறது. எங்கோ கிடைத்த ஆங்கில எண்ணிக்கையை விட்டுவிட்டு அதிலிருந்து தொடங்கலாம்.

முதல் சரிவு: மேடை

ஒரு கல்லூரியின் கலை விழாவில் ஆட அழைத்தார்கள். சந்தோஷமாக ஒப்புக்கொண்டோம். ஆறு வாரம் ஒத்திகை. அதற்காக நான்கு ஜோடிகளை நிலையாக வைத்தோம், ஒரே பாட்டு, ஒரே வரிசை. அன்றைக்கு எங்கள் நேரம் தள்ளித் தள்ளிப் போய், கடைசியில் பாட்டின் பாதியில் நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். வருத்தம்தான். ஆனால் உண்மையான சேதம் அந்த மேடையில் நடக்கவில்லை.

அந்த ஆறு வாரமும் புதிதாக வந்தவர்கள் சுவரோரம் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். "விழா முடியட்டும், அப்புறம் சொல்லித் தாரோம்" என்று சொன்னோம். விழா முடிந்தது. அவர்கள் வரவில்லை. மேடையில் ஆடிய எட்டுப் பேரில் மூன்று பேருக்கு, வரிசை தெரியாத ஆளோடு ஆடுவது அலுப்பாகிவிட்டது. அவர்களும் நின்றார்கள். ஆட்டத்தை யாருக்கோ காட்டுவதற்காகப் பழகியபோது, யாரோடும் ஆடலாம் என்ற அதன் உயிரே போய்விட்டது. அதற்குப் பிறகு மேடை அழைப்புகளை ஏற்பதில்லை. அழைப்பவரை, ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து வளையத்தில் நிற்கும்படி கேட்கிறோம்.

இரண்டாம் சரிவு: ஒரே குரல்

கம்பெனி திரும்பக் கூப்பிட, தம்பி பெங்களூருக்குப் போனான். போன பிறகுதான் தெரிந்தது, எல்லாமே அவனிடம் இருந்தது. ஸ்பீக்கர் அவனுடையது. பாட்டுகள் அவன் போனில். அசைவுகளின் பெயர்கள் அவன் தலையில். குரல் கொடுத்தது எப்போதும் அவன்தான். எங்கள் யாருக்கும் அடுத்து எதைச் சொல்ல வேண்டும் என்று தெரியாது. சொன்னால் ஆடத் தெரியும், அவ்வளவுதான். இருபது பேர் வந்த இடத்தில் ஆறு பேர் ஆனோம்.

பாசத்தோடு அவன் தன் குரலைப் பாட்டோடு சேர்த்துப் பதிவு செய்து அனுப்பினான். நன்றாகத்தான் இருந்தது, ரெண்டு நிமிஷம். அப்புறம் ஒரு ஜோடி தவறியது. ஆள் எதிரில் இருந்து குரல் கொடுத்தால், வளையம் உடைந்ததைப் பார்த்ததும் எல்லாரையும் அடிப்படை ஆட்டமான குவாப்பேயாவிலேயே நிறுத்தி வைப்பார். தவறியவர் வந்து சேர்ந்த பிறகு அடுத்ததைச் சொல்வார். பதிவுக்கு கண் இல்லை. அது 'என்சூஃப்லா' என்றது, 'தாமே' என்றது, நாங்கள் ஆளுக்கொரு பக்கம் நின்றோம்.

அன்றைக்குப் பதிவை நிறுத்திவிட்டு நானே குரல் கொடுத்தேன். தொண்டை அடைத்தது. எல்லாரும் 1-இல் கால் வைக்கும்போது 'தாமே' என்றேன். பாதிப் பேர் நகர்ந்தார்கள், பாதிப் பேர் நின்றார்கள், அண்ணாச்சி முன்னால் ரெண்டு பெண்கள், மைனி முன்னால் யாருமில்லை. அடுத்த 1 வருவதற்கு முன்பே, ஓடிக்கொண்டிருக்கும் எட்டின் உள்ளேயே குரல் விழுந்துவிட வேண்டும் என்பதை உடம்பால் அன்றுதான் புரிந்துகொண்டேன். "பைய சொல்லும்மா, ஆனா முன்னாலயே சொல்லு" என்றார் அண்ணாச்சி. குரல் கொடுப்பதற்கு இதைவிட நல்ல விளக்கத்தை நான் எங்கும் கேட்டதில்லை.

அன்றிலிருந்து ஒரு பாட்டுக்கு ஒருவர் குரல் என்று வைத்துக்கொண்டோம். நேற்று வந்தவருக்கும் முறை உண்டு. அவருக்கு ரெண்டே சொல் தெரிந்தால் ரெண்டையே மாற்றி மாற்றிச் சொல்லட்டும். மூன்று மாசத்துக்கு ஏழு அசைவுகளுக்கு மேல் சேர்க்கவில்லை. ஏழையும் டியூஷன் சென்டர் போர்டில் எழுதி, பக்கத்தில் கால் எங்கே போகிறது என்று தமிழில் குறித்தோம். சத்தம் அதிகமானால் சைகை: தலையைத் தொட்டால் சொம்ப்ரேரோ, அதாவது 'தொப்பி' என்ற அசைவு. பாட்டையும் மாற்றினோம். தம்பிக்குப் பிடித்தது திம்பா என்ற வேகமான கியூப இசை. 1969-இல் ஹுவான் ஃபோர்மெல் தொடங்கிய லாஸ் வான் வான் போன்ற குழுக்களின் பாட்டுகள். நல்ல பாட்டுகள்தான், ஆனால் புதியவருக்கு மூச்சு வாங்கும். முதல் அரை மணி நேரத்துக்குக் கிழக்குக் கியூபாவில் பிறந்த சோன் இசையைப் போட்டோம். நிதானம். கிளாவே தெளிவாகக் கேட்கும். இப்போது துணிந்து குரல் கொடுப்பவர்கள் ஐந்து பேர். எல்லாரிலும் நர்ஸ் அக்காவின் குரல்தான் சிறந்தது. வார்டில் பேசிப் பழகிய குரல், பதற்றமே இருக்காது.

சொற்களைத் தமிழாக்கியும் பார்த்தோம். இந்த முயற்சியில் நான்தான் தீவிரமாக இருந்தேன். 'தாமே'வுக்குத் 'தா', சொம்ப்ரேரோவுக்குத் 'தொப்பி', அதுவரை சரி. 'தீலே கே நோ'வுக்கு 'இல்லையென்று சொல்' என்றால் வாயில் அது விழுந்து முடிவதற்குள் 1 வந்துவிடுகிறது. வெறும் 'இல்லை' என்றால் ஆட்டத்தையே நிறுத்தச் சொல்வதுபோல இருந்தது. ரெண்டு வாரத்தில் கைவிட்டோம். விட்டதும் நல்லதுக்குத்தான். எங்கள் மாணவி ஒருத்தி வேலைக்கு நேர்காணல் என்று பெங்களூர் போனபோது, தம்பி அவளைத் தன் பழைய வளையத்துக்குக் கூட்டிப் போனான். யாரையும் தெரியாது, கன்னடம் தெரியாது. குரல் கேட்டது, ஆடினாள். அந்தச் சொற்கள் அவளை முன்பின் தெரியாத இருபது பேருக்கு நடுவில் கொண்டுபோய் நிறுத்தின. ஆகவே குரல் ஸ்பானியத்தில், விளக்கம் தமிழில் என்று வைத்துக்கொண்டோம்.

தரை, இடம்

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் ஆரம்பிப்பவர்கள் கவனிக்க வேண்டும். வெறுங்காலோடு சிமெண்டில் திரும்பினால் ஒரே நாளில் கொப்புளம். காலுறையோடு மொசைக்கில் ஆடினால் வழுக்கும். ஒரு நாள் ஒரு பையன், நன்றாகத் திரும்பட்டும் என்று கேரம் போர்டு பவுடரைத் தரையில் தூவிவிட்டான். ஓர் ஆசிரியை விழுந்து மணிக்கட்டு பிசகி மூன்று வாரம் கட்டோடு இருந்தார். தரையைத் துடைக்கும் வழக்கம் அன்றிலிருந்துதான். தேய்ந்துபோன பழைய கேன்வாஸ் ஷூ போதும், புதிதாக வாங்க வேண்டாம்.

இடத்துக்கு ஒரு வழி கண்டுபிடித்தோம். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது. கல்யாண மண்டபத்தின் பந்தி ஹால் அந்த ரெண்டு மாசமும் பூட்டிக் கிடக்கும். கேட்டால் கரண்ட் செலவுக்கே கொடுக்கிறார்கள். பெரிய வளையம் போடலாம், புதியவர்களை அந்த மாசங்களில்தான் அழைக்கிறோம். 2023 மார்கழியில் அது நடக்கவில்லை. டிசம்பர் 17, 18 மழையில் தாமிரபரணி ஊருக்குள் வந்துவிட்டது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. வாட்ஸ்அப் குழுவில் பல நாள் ஆட்டத்தைப் பற்றிப் பேச்சில்லை. யாருக்குத் தண்ணீர் கேன் வேண்டும், யார் வீட்டில் அடுப்பு எரிகிறது, அவ்வளவுதான். தை பிறந்துதான் மறுபடி கூடினோம்.

இப்போது

தீராதவை இருக்கின்றன. தச்சநல்லூர், பேட்டைப் பக்கத்திலிருந்து வரும் பெண்களுக்கு ரொம்ப நேரமாவதற்குள் பஸ் ஏற வேண்டும், அதனால் ஏழு மணிக்கு முடித்தே ஆக வேண்டும். பழகிச் சூடு பிடிக்கும் நேரத்தில் முடிகிறது. மூட்டு வலி உள்ளவர்களுக்கு என்று தனியாக ஒன்றும் செய்ய முடியவில்லை. மைனி பாதிப் பாட்டில் உட்கார்ந்துவிடுகிறார். அவர் உட்கார்ந்தால் களியல் ஆடிய அந்த அப்பா ஒரு கழி ஜோடியை அவர் கையில் கொடுத்துவிடுவார். ரெண்டு பேருமாகத் தட்டுவார்கள்.

ஸ்பீக்கர் இப்போது குழுவுடையது. ஒவ்வொரு வாரமும் ஒருவர் வீட்டுக்குப் போகும். யார் எடுத்துப் போகிறாரோ அடுத்த ஞாயிறு முதல் பாட்டுக்கு அவர்தான் குரல். போன வாரம் அதை எடுத்துப் போனவள் வந்து ஐந்தே வாரம் ஆன ஒரு மாணவி. படியிறங்கும்போது ஏழு பெயர்களையும் விரல் விட்டுச் சொல்லிக்கொண்டே போனாள். ஆறாவதில் மறந்து நின்று, மேலே திரும்பிப் பார்த்தாள். போர்டைத் துடைத்துக்கொண்டிருந்த அண்ணாச்சி ஒன்றும் சொல்லாமல் தலையைத் தொட்டுக் காட்டினார்.